சால்வியா: சிவப்புப் பூவிலிருந்து சிவப்பு வேர் வரை

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. அலுவலக வேலை ஒரு காரணம். இன்னொரு காரணம் வீட்டில் நடந்த ஒரு விஷயம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதை ஒழுங்காகச் சொல்ல, ஒரு செடிக் குடும்பத்தின் இரண்டாயிரம் வருஷக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் அம்மாவுக்கு சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போய், பதினோரு வருஷத்துக்கு முன்னால் செயற்கை வால்வு வைத்தார்கள். அப்பா போன பிறகு தஞ்சாவூர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு டில்லியில்தான் இருக்கிறார். உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை. மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை. அம்மாவுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தம் கசியும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, முருங்கைக்கீரையைக் கூட வாரம் இவ்வளவு என்று அளந்து சாப்பிடுகிறவர் அம்மா.

போன வருஷம் பொங்கலுக்கு சித்தி பையன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். பெரியம்மா மேல் அவனுக்குப் பிரியம் ஜாஸ்தி. "இதயத்துக்கு ரொம்ப நல்லதாம் பெரியம்மா, அங்கே சீனாக்காரர்கள் எல்லாரும் சாப்பிடுகிறார்கள்" என்று ஒரு டப்பா மாத்திரை கொடுத்தான். அம்மா என்னிடம் காட்டி, "சாப்பிடலாமாடா?" என்று கேட்டார். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது இது: "மூலிகைதானேம்மா, ஒண்ணும் பண்ணாது, சாப்பிடு."

பன்னிரண்டாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஐ.என்.ஆர். ஆறைத் தாண்டியிருந்தது. "புதுசா என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். சீன எழுத்துக்கு அடியில் பொடி எழுத்தில் லத்தீனில் அச்சிட்டிருந்தது: ரேடிக்ஸ் சால்வியே மில்டியோரைசே. சால்வியா மில்டியோரைசா என்ற செடியின் வேர்.

சால்வியா! எங்கள் காலனிப் பூங்காவில் மாலி வருஷா வருஷம் நடுகிற சிவப்புப் பூவின் பெயரும் அதுதானே? பலகையில் எழுதியே வைத்திருக்கிறான். அந்தப் பூவா அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது? அந்தக் கேள்வியில் ஆரம்பித்த தேடல்தான் கீழே வருவது.

ஒரு பெயர், கிட்டத்தட்ட ஆயிரம் செடிகள்

முதலில் குடும்பம். நம் துளசி, கற்பூரவள்ளி, புதினா, தும்பை எல்லாம் ஒரே செடிக் குடும்பம். தண்டு சதுரமாக இருக்கும், பூ உதடு பிளந்தது போல இருக்கும். இந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பேரினம் சால்வியா. கிட்டத்தட்ட ஆயிரம் இனங்கள். பாதிக்கு மேல் அமெரிக்கக் கண்டங்களில், மீதியில் பெரும்பகுதி மத்தியதரைக் கடலோரத்திலிருந்து மத்திய ஆசியா வரையிலும் கிழக்கு ஆசியாவிலும்.

ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பொதுப்பெயர் சேஜ். நம்மிடம் இதற்குத் தமிழ்ப் பெயர் கிடையாது. சில சமையல் பட்டியல்களில் சேஜ் என்றால் கற்பூரவள்ளி என்று போட்டிருக்கிறார்கள். தப்பு. குடும்பம் ஒன்று, செடி வேறு. இன்னொரு தமாஷ், அமெரிக்க கௌபாய் படங்களில் பாலைவனம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தெரியும் 'சேஜ்' புதர் சேஜே இல்லை. அது ஆர்ட்டிமீசியா, அதாவது நம் மரிக்கொழுந்தின் சொந்தக்காரன்.

எல்லா சால்வியாவுக்கும் ஒரு பொது அடையாளம் உண்டு. மகரந்தத் தாள் இரண்டே இரண்டு. பெரும்பாலான இனங்களில் அந்தத் தாள் நெம்புகோல் மாதிரி அமைந்திருக்கும். தேனுக்காகத் தேனீ உள்ளே தலையை நுழைத்தால் கீழ்முனை தள்ளப்படும், மேல்முனை இறங்கி வந்து அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவிவிடும். 1793-ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் பூக்களையும் பூச்சிகளையும் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை விவரித்திருக்கிறார்.

மடத்துத் தோட்டத்து மருந்து

சால்வியா என்ற பெயருக்கு லத்தீனில் நலம், காப்பு என்பதோடு தொடர்பு. அந்தப் பெயரை வாங்கித் தந்தது சால்வியா அஃபிசினாலிஸ், மத்தியதரைக் கடலோரத்துச் செடி. இன்றைக்கும் குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் கல்லுக்கு நடுவே காடாக வளர்கிறது. முதல் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடீஸ் தன் மருந்து நூலில் சேஜைப் பற்றி எழுதினார். சுமார் 800-ஆம் ஆண்டில் சார்லமேன் பேரரசரின் அரண்மனைப் பண்ணைகளில் என்னென்ன நட வேண்டும் என்று ஒரு ஆணை போட்டார்கள். அந்தப் பட்டியலில் சால்வியா இருக்கிறது. அதே நூற்றாண்டில் வாலாஃப்ரிட் என்ற ஜெர்மானியத் துறவி தன் தோட்டத்துச் செடிகளைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதில் செடிகளின் வரிசையில் முதலிடம் சால்வியாவுக்குத்தான்.

அஃபிசினாலிஸ் என்ற பின்பெயரும் அந்த மடங்களை ஒட்டி வந்ததுதான். மடத்தில் மருந்துச் சரக்கு வைக்கும் அறைக்கு 'அஃபிசினா' என்று பெயர். 1753-ல் லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, மருந்தறையில் இருந்த செடிகள் பலவற்றுக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். நம் கிராமத்தில் வைத்தியர் வீடு என்று ஒரு வீட்டைச் சொல்வோமே, அந்த மாதிரி.

பயன் என்னவென்றால், தொண்டைக் கரகரப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் கஷாயம் வைத்துக் கொப்பளிப்பது, அதிகமாக வியர்த்தால் குடிப்பது, அஜீரணத்துக்குக் குடிப்பது. ஞாபக சக்திக்கும் நல்லது என்று ஐரோப்பாவில் வெகுகாலமாக நம்பினார்கள். 2003-ல் தெஹ்ரான் டாக்டர்கள் அல்சைமர் நோயாளிகள் சிலருக்கு நான்கு மாதம் இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது என்று எழுதினார்கள். ஆனால் அது சின்ன ஆய்வு. அதை வைத்து வைத்தியம் செய்துகொள்ள முடியாது.

சமையலில் இத்தாலிக்காரர்கள் இலையை வெண்ணெயில் பொரித்து பாஸ்தா மேல் போடுகிறார்கள், நாம் கறிவேப்பிலை தாளிக்கிற மாதிரி. இங்கிலாந்தில் வெங்காயத்தோடு சேர்த்துக் கோழிக்குள் அடைக்கிறார்கள். கிரீஸில் டீ போட்டுக் குடிப்பது இன்னொரு இனம், சால்வியா ஃப்ருட்டிகோசா.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அஃபிசினாலிஸ் எண்ணெயில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அதிக அளவில் போனால் வலிப்பு வரும். சமையலில் நாலு இலை போடுவதில் பயமில்லை. எண்ணெயை மருந்தாகக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது மருந்தாக வேண்டவே வேண்டாம்.

அஸ்டெக்குகளின் தானியம், நம் வீட்டு 'சியா'

இப்போது எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் உட்கார்ந்திருக்கும் சியா விதையும் ஒரு சால்வியாதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சால்வியா ஹிஸ்பானிகா. ஹிஸ்பானிகா என்றால் ஸ்பெயின் நாட்டது என்று அர்த்தம். ஆனால் இதன் ஊர் மெக்சிகோவும் குவாதமாலாவும். லின்னேயஸ் தப்பாக வைத்த பெயர் இரண்டரை நூற்றாண்டு கழித்தும் நிற்கிறது.

அஸ்டெக் பேரரசில் மக்காச்சோளம், பீன்ஸ், தண்டுக்கீரை விதை, சியா எல்லாம் முக்கிய உணவு. கப்பமாகவும் கட்டினார்கள். ஸ்பானியர் வந்த பிறகு வரையப்பட்ட மெண்டோசா சுவடியில் எந்த ஊர் எவ்வளவு கப்பம் கட்டியது என்று படத்தோடு இருக்கிறது, அதில் சியாவும் உண்டு. ஸ்பானிய ஆட்சியில் இந்தப் பயிர் சுருங்கி, மலைக் கிராமங்களில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பானமாக மட்டும் உயிர் பிழைத்திருந்தது. 1991-ல் அர்ஜெண்டினாவின் வடமேற்கில் விவசாயிகளுக்கு மாற்றுப் பயிர் தேடிய ஒரு திட்டத்தில்தான் மறுபடி வயலுக்கு வந்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதுவகை உணவாக அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பயிரிடும் முறையை வகுத்துக் கொடுத்து, கர்நாடக விவசாயிகள் வயலில் இறங்கியது.

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் இதைப் பார்த்து "சப்ஜா விதைதானே" என்பார்கள். இல்லை. சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை, துளசியின் நெருங்கிய சொந்தம். சப்ஜா முழுக்கக் கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடத்திலேயே வெள்ளைக் கோட்டை கட்டிக்கொள்ளும். சியா சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டிருக்கும், ஊற அதிக நேரம் எடுக்கும். டில்லியில் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. ஃபலூடா கடையில் தூக்மலங்கா என்பார்கள், அந்தப் பெயரில் கடைக்குக் கடை வேறு வேறு விதை கிடைக்கும்.

எதுவாக இருந்தாலும் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். 2014-ல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு ஸ்பூன் சியாவை உலர்வாக வாயில் போட்டு மேலே தண்ணீர் குடித்தார். விதை உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அம்மா சாப்பிட்ட வேர்

இனி விஷயத்துக்கு வருகிறேன். சால்வியா மில்டியோரைசாவைச் சீனர்கள் தான்ஷென் என்கிறார்கள். தான் என்றால் சிவப்பு, ஷென் என்பது ஜின்செங் போன்ற சத்துள்ள வேர்களுக்கு வைக்கும் பெயர். பூ ஊதா, வேர் மட்டும் செங்கல் நிறம். சீனாவின் மிகப் பழைய மருந்து நூலான ஷென்னோங் பென்சாவ் ஜிங்கிலேயே இது இருக்கிறது. ரத்த ஓட்டத்தைத் தூண்டும், கட்டிய ரத்தத்தைக் கலைக்கும் என்பது அவர்கள் கணக்கு. வேருக்குச் சிவப்பு தருகிற டான்ஷினோன் என்ற பொருட்களை 1930-களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். சீனாவில் நெஞ்சு வலிக்கு இன்றும் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து.

சித்தி பையன் சொன்னது பொய்யில்லை, பார்த்தீர்களா? இதய நோய்க்கு அங்கே சாப்பிடுகிறார்கள்தான். பிரச்சினை, அம்மா ஏற்கெனவே இன்னொரு செடியின் வாரிசைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததில் இருக்கிறது.

ஆமாம், வார்ஃபரினும் செடியிலிருந்து கிளம்பியதுதான். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தது. அதை ஒட்டிச் செய்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. எத்தனை மில்லிகிராம், எப்போது, ரத்தத்தில் என்ன விளைவு என்று ஒவ்வொன்றையும் அளந்து அளந்துதான் அந்த எலி விஷம் அம்மாவின் உயிர் காக்கும் மாத்திரை ஆனது.

தான்ஷெனையும் வார்ஃபரினையும் சேர்த்துச் சாப்பிட்டால் வார்ஃபரினின் வேகம் கூடிவிடுகிறது. 1990-களிலேயே ஹாங்காங் டாக்டர்கள் இப்படி ரத்தம் கசிந்து வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். அவர்களில் அம்மாவைப் போலவே வால்வு ஆபரேஷன் ஆனவர்களும் உண்டு. முப்பது வருஷமாக அச்சில் இருக்கும் செய்தி. எனக்கு அரை நிமிடம் தேடப் பொறுமை இல்லை.

நம் ஊர் சால்வியாக்கள்

அம்மா வீடு திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை காரி பாவ்லி போனேன். சாந்தினி சௌக்கின் கோடியில், 1650-ல் கட்டிய ஃபதேபுரி மசூதியை ஒட்டிய மசாலாச் சந்தை. யுனானி மருந்துச் சரக்கு விற்கும் கடையில் 'பஹ்மன் சுர்க்' கேட்டேன். காய்ந்து சுருங்கிய செம்பழுப்பு வேர்த் துண்டுகளைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினார். யுனானியில் இதயத்துக்கு வலு தரும் சரக்கு. இந்திய நூல்கள் இதை சால்வியா ஹீமடோட்ஸ் என்று குறிக்கின்றன. சீனாவில் ஒரு சிவப்பு சால்வியா வேர் இதயத்துக்கு, டில்லியில் இன்னொரு சிவப்பு வேர் இதயத்துக்கு! கடையில் கிடைப்பதெல்லாம் அந்தச் செடிதான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காஷ்மீர், இமாச்சல் மலைகளில் சால்வியா மூர்கிராஃப்டியானா இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்டின் பெயர். நல்ல குதிரை தேடி லடாக் வழியாக புகாரா வரை போய், 1825-ல் திரும்பும் வழியில் இறந்துபோனவர். அவர் பெயர் ஒரு மலைச்செடியில் நிற்கிறது. சமவெளியில் வயலோரக் களையாக வளர்வது சால்வியா பிளெபியா. பிளெபியா என்றால் சாமானியன் என்று அர்த்தம்.

நீலகிரியில் விளையும் ரோஸ்மேரியும் இப்போது இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, 2017-ல் அதை சால்வியா ரோஸ்மரினஸ் என்று மாற்றிவிட்டார்கள். தலைமுடிக்கு ரோஸ்மேரி எண்ணெய் தேய்ப்பவர்கள் தேய்ப்பதும் சால்வியாதான்!

கடைசியாக இரண்டு. கலிஃபோர்னியாவின் வெள்ளை சேஜ், சால்வியா ஏபியானா. அங்குள்ள பூர்வகுடிகளுக்கு உணவு, மருந்து, சடங்கு எல்லாவற்றுக்கும் வேண்டிய செடி. சாம்பிராணி போலப் புகை போடும் கட்டாக உலகம் முழுக்க விற்க ஆரம்பித்ததில், காட்டில் திருட்டு அறுவடை நடக்கிறது. வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். இன்னொன்று மெக்சிகோவின் வஹாக்கா மலையில் மசடெக் வைத்தியர்கள் சடங்கில் பயன்படுத்தும் சால்வியா டிவினோரம். மனதைப் புரட்டிப் போடும் செடி, பல நாடுகளில் தடை. பிள்ளைகள் இணையத்தில் வெறுமனே 'சால்வியா' என்று தேடினால் இதுவும்தான் வந்து நிற்கும். அதனால் சொன்னேன்.

பூங்காவில்

அப்புறம் அந்த மாலியின் சிவப்புப் பூ? அது சால்வியா ஸ்ப்ளெண்டென்ஸ், பிரேசில்காரன். 1820-களில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்து, உலகம் பூரா பூங்காப் பாத்திகளில் பரவியது. ஊரில் அதற்குத் தேன் குடிக்க வருவது ஹம்மிங் பறவை. இங்கே தேன்சிட்டு. அழகுக்கு மட்டும்தான், அம்மாவின் விஷயத்தில் அது நிரபராதி.

அம்மா ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, மெல்ல எண்ணைக் கீழே கொண்டுவந்தார்கள். தலைக்குள் கசிந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். சித்தி பையன் போனில் அழுதுவிட்டான். "நீ ஆசையா வாங்கிட்டு வந்தேடா, கேட்டது இவன்கிட்டேதானே" என்று அம்மா அவனைச் சமாதானம் செய்தார். அந்த 'இவன்' இன்னும் என் காதில் கேட்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். அம்மா சாப்பிடும் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. மாத்திரை, கஷாயப் பொடி, யாரோ கொடுத்த லேகியம், எல்லாவற்றின் முழுப் பெயரும் அதில் இருக்கும், லத்தீன் பெயர் இருந்தால் அதுவும். ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் அந்த நோட்டு போகும். வெளியூரில் பெற்றோரை வைத்திருப்பவர்களும், ஊரில் விட்டுவிட்டுப் போனில் விசாரிப்பவர்களும் இதைச் செய்யுங்கள். முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், மூலிகை என்று யார் எது கொடுத்தாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மூலிகைக்கு வேலை செய்யத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

போன மாதம் அம்மாவைப் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிப்போனேன். பாத்தி முழுக்கச் சிவப்பு. பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானாடா அது?"

"இல்லம்மா, இது அதோட பங்காளி."

"பங்காளின்னா சரி, கொஞ்சம் தள்ளியே உட்காருவோம்" என்று எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார் :-)